கத்தரிப்பூ கலர் ஆபீசும் காணாமல் போன சேவ் பட்டனும்

"சார், சேவ் பட்டனைக் காணல!"

மத்தியானம் ரசம் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து இப்படி ஒரு போன். எனக்கு இது பழகிவிட்டது. மற்றவர்கள் வீட்டில் பர்ஸைக் காணோம், பைக் சாவியைக் காணோம் என்பார்கள். என் தொழிலில் பட்டனைக் காணோம், ஃபாரத்தைக் காணோம், 'காலையிலருந்து அடிச்ச எல்லாத்தையும் காணோம்'...

கணியூரிலிருந்து ஒரு வாசகர் சில வாரங்களுக்கு முன்னால் கேட்டிருந்தார் - 'வாராவாரம் எழுதுகிறீர்களே, சோற்றுக்கு என்ன செய்கிறீர்கள்?' நியாயமான கேள்விதான். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறேன் ஐயா. நூல் வந்தது, துணியானது, சாயத்துக்குப் போனது, வெட்டினது, தைத்தது, பெட்டியில் அடுக்கினது என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஒரு டேட்டாபேஸ். ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு ஃபாரம். ஃபாரம் என்றால் காகிதம் இல்லை. திரையில் திறக்கிற ஒரு கட்டம், ஒரு ஜன்னல். அதில் தகவலை அடித்து, கீழே இருக்கும் சேவ் பட்டனை அமுக்கினால் வேலை முடிந்தது.

பட்டன் இருந்தால்!

இந்த ஜன்னலை எவ்வளவு பெரிதாக வைப்பது? கேட்டால் ஒன்றுமில்லாத விஷயம் மாதிரித்தான் இருக்கும். என் தலைமுடியில் பாதி இதில்தான் போனது.

ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஆளுக்கு ஓர் அளவில் இழுத்து வைப்பார்கள். சுருக்கிக்கொள்ளலாம் என்று விட்டால், சுருக்கிவிட்டு 'ஃபாரம் போச்சுங்க' என்று மறுபடியும் திறப்பார்கள். ஒரு பேக்கிங் மாஸ்டர் அதே ஃபாரத்தைத் திறந்து திறந்து, சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். சரி, திரை முழுக்கப் பெரிதாக்கிவிடலாம் என்றால் அதில் இன்னொரு வில்லங்கம். நான் வைத்திருந்த டேட்டாபேஸில் ஒரு ஃபாரத்தைப் பெரிதாக்கினால், கூடவே மற்ற ஃபாரங்களும் பெரிதாகும். 'அழிக்கவா, வேண்டாமா?' என்று கேட்கிற குட்டி ஃபாரம்கூடத் திரை முழுக்க விரிந்து நிற்கும் - கல்யாண மண்டபத்தில் ஒற்றை நாற்காலி போட்ட மாதிரி.

ஒரு கட்டத்தில் எரிச்சலாகி ஒரு முடிவெடுத்தேன். எல்லா ஃபாரமும் ஒரே அளவு. இழுக்க முடியாது. பெரிதாக்கவோ சுருக்கவோ முடியாது. மேலும் கீழும் தள்ளிப் பார்க்கிற பட்டை ஓரத்தில் இருக்குமே, அதையும் எடுத்தேன். அது அசிங்கம் என்பது அப்போது என் கருத்து. திரையின் நடுவில், நான் வைத்த இடத்தில், நான் சொன்ன அளவில் ஃபாரம் நிற்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தப் பெருமையோடுதான் பல்லடம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்த, பட்டனைக் காணாத அந்தக் கம்பெனிக்குப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் கண் கூசியது. ஆபீஸ் அறையின் நாலு சுவரும் கத்தரிப்பூ கலர். லேசான கத்தரிப்பூ என்று நினைத்துவிடாதீர்கள். கதவைச் சாத்தினாலும் கண்ணுக்குள்ளேயே நிற்கிற கத்தரிப்பூ. தீபாவளிக்கு முன்னால் அடித்தது என்றார்கள். கலர் அட்டையில் முதலாளியே விரல் வைத்துக் காட்டிய கலராம். "இதேதானுங்களா?" என்று பெயிண்டர் தயங்கித் தயங்கிக் கேட்டாராம். "சொன்னதச் செய்யப்பா" என்று முதலாளி ஒரு போடு போட்டாராம். ஜோசியர் சொல்லியிருப்பார் என்று எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள். ஒரு கம்பெனியில் புரியாதது எதுவாக இருந்தாலும் ஜோசியர் தலையில் கட்டிவிட்டால் அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

போன் செய்தது எஸ்தர். கம்ப்யூட்டர் ஆபரேட்டர். நாசரேத் பக்கத்திலிருந்து அம்மாவோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்த பெண். முதல் இரண்டு வருஷம் செக்கிங் மேசையில், காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே துணியில் ஓட்டை தேடியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் டைப்பிங் கற்றுக்கொண்டு இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள். இந்த ஊரில் நிற்கிற வேலை, உட்காருகிற வேலை என்று இரண்டு ஜாதி வேலை உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வருவது சாதாரணம் இல்லை.

"சாப்பிட்டுட்டு வந்து பாக்கேன் சார், எல்லாம் பெருசு பெருசா கெடக்கு. பட்டனக் காணல."

பார்த்தேன். திரையில் எழுத்தெல்லாம் சுவரொட்டி மாதிரி தடித்துக் கிடந்தன. யாரோ திரையின் ரெசல்யூஷனைக் குறைத்திருக்கிறார்கள். குறைத்தால் எல்லாமே பெரிதாகத் தெரியும், ஆனால் திரையில் இடம் பற்றாது. என் ஃபாரமோ நான் சொன்ன அளவை விட்டு அசையாது. அதன் கீழ்ப்பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. சேவ் பட்டன் அந்தப் பாதியில் இருந்தது. தள்ளிப் பார்க்கலாம் என்றால் பட்டை கிடையாது. அதைத்தான் அசிங்கம் என்று எடுத்துவிட்டேனே!

செட்டிங்கைத் திறந்து, ஒரு குமிழை வலது பக்கம் இழுத்தேன். சரியாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். அப்புறம் மறுபடி. எப்போதும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். எனக்குப் போய் வருகிற பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. போனிலேயே எஸ்தருக்கு அந்தக் குமிழை இழுக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

கம்பெனியில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வைரஸ் என்றார் அக்கவுண்டன்ட். எர்த் கம்பி சரியில்லை என்றார் எலக்ட்ரீஷியன். கம்ப்யூட்டர் தெற்கே பார்த்து இருப்பதுதான் காரணம் என்று சொல்லி யாரோ மேசையைத் திருப்பியும் வைத்தார்கள். வைரஸ் மத்தியானம் ஒரு மணிக்கு மட்டும் வருமா என்று நானும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் போன் வருவது நின்றது. ஆஹா, தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். பிரச்சினை தீர்ந்தால்தான் போன் நிற்கும் என்று நினைப்பது எங்கள் தொழிலின் அடிப்படை முட்டாள்தனம்.

அடுத்த போன் எஸ்தரிடமிருந்து இல்லை. முதலாளியின் மகன் நந்தகுமாரிடமிருந்து.

இங்கே அப்பா, மகன் இருவரையும் உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

அப்பா சின்னச்சாமி. கொமரலிங்கத்துக்காரர். கம்பெனியில் எல்லோருக்கும் பெரியவர். திருப்பூரில் அவருக்கு இருக்கும் மரியாதை அவருடைய கண்ணால் வந்தது. சாயப்பட்டறையில் ஒவ்வொரு தடவை துணியைச் சாயம் போட்டதும் அதில் ஒரு துண்டு வெட்டி கம்பெனிக்கு அனுப்புவார்கள். வெளிநாட்டுக்காரர் கார்டில் ஒட்டிக் கொடுத்த மாதிரித் துண்டோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஓகே சொல்ல வேண்டும். இதற்கு ஷேடு பார்ப்பது என்று பெயர். மற்ற கம்பெனிகளில் அதற்கென்று விளக்கு வைத்த பெட்டி இருக்கிறது. பெரியவர் வாசலில் வெயிலில் நின்றுதான் பார்ப்பார். துண்டைத் தடவி, திருப்பி, "செவப்பு தூக்கலா இருக்குதுங்க, கொண்டுட்டுப் போங்க" என்றால் சாயப்பட்டறைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் கொண்டுபோய்விடுவார்.

மகன் நந்தகுமார் கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்தவர். கம்பெனியில் காகிதமே கூடாது, எல்லாம் கம்ப்யூட்டர் என்று மாற்றியவர். எந்த ஷேடு ஓகே, எது திருப்பி அனுப்பியது என்பதும் இப்போது என்னுடைய ஷேடு ஃபாரத்தில்தான். எனக்கு வேலை கொடுத்தவர் என்பதால் நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும். நிஜமாகவே நல்ல மனிதர்தான். கோபம் வந்தால்கூட 'ங்க' போடாமல் பேச வராது.

அந்த 'ங்க'வோடு போனில் சொன்னார். "சார், திருடனப் புடிச்சாச்சுங்க. எஸ்தர்தாங்க. மத்தியானம் நான் உள்ள போறேன், அந்தப் பொண்ணு செட்டிங்கத் தொறந்து வெச்சு ஸ்கிரீன மாத்திக்கிட்டிருக்குது. கேம் ஆடறாங்க சார். கேம் போட்டா ஸ்கிரீன் பெருசாகும்ல? இந்த வாரம் மட்டும் ரெண்டு ஷேடு சேவ் ஆகாம போயி, சாயப்பட்டறையில துணி அப்படியே கெடந்துச்சுங்க. ஷிப்மெண்ட் தள்ளிப்போகுது."

வெள்ளிக்கிழமை காலை போனேன். ஆபீசில் அப்போதுதான் பூஜை முடிந்து, தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பெரியவர் சாயப்பட்டறைக்குப் போயிருந்தார். கத்தரிப்பூ சுவரைப் பார்த்தபடி எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள்.

"நேத்து நீங்கதானுங்க மவுஸப் புடிச்சு மாத்திக்கிட்டிருந்தீங்க?" என்றார் நந்தகுமார்.

"சரி பண்ணிட்டிருந்தேன் சார்."

"அப்ப கெடுத்தது யாருங்க?"

எஸ்தர் மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"சரிங்க. நீங்க கெடுக்கலைன்னா, இந்தக் கற்பூரத்த அணச்சுச் சத்தியம் பண்ணுங்க. நான் விட்டுர்றேன்."

எஸ்தர் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "நாங்க சத்தியம் பண்ண மாட்டோம் சார்."

"உங்க சாமி மேலயே பண்ணுங்க."

"எந்தச் சாமி மேலயும் பண்ணக் கூடாதுன்னு எங்க சபையில சொல்லுவாவ சார். நான் கெடுக்கலன்னா கெடுக்கல. அவ்வளவுதான்."

நந்தகுமார் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'பார்த்தீங்களா?' என்று அர்த்தம்.

அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் கற்பூரம்தான் கோர்ட். நெல்லுக்குத் தண்ணீர் திருப்பிய தகராறிலிருந்து கணவன் மனைவி சண்டை வரைக்கும் கற்பூரத்தில் தீர்ந்துவிடும். தப்புச் செய்யாதவன் தைரியமாக அணைப்பான், செய்தவன் பின்னால் நகருவான். அந்தப் பெண்ணின் வீட்டிலோ சத்தியம் செய்வதுதான் தப்பு. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. இருவரும் தங்கள் பக்கம் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். வேலை போகப்போவது மட்டும் ஒருவருக்கு.

எப்போது போகும்? அதற்கும் ஊரில் ஒரு முறை இருக்கிறது. இங்கே சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம். வேண்டாதவரை யாரும் நடுவாரத்தில் போகச் சொல்வதில்லை. சனிக்கிழமை சம்பளக் கவரைக் கொடுக்கும்போது, "திங்கக்கெழம வர வேண்டாங்க" என்று மெதுவாகச் சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள்.

"நாளைக்கு ஒரு நாள் பாத்துர்றேங்க" என்றார் நந்தகுமார். "நீங்க ஒண்ணு பண்ணுங்க சார். யாராச்சும் ஸ்கிரீன் சைஸை மாத்தினா உங்க சாஃப்ட்வேர் கத்தோணும். கத்திட்டு லாக் ஆயிரோணும். நான் வந்து பாஸ்வேர்டு போட்டாத்தான் தொறக்கோணும்."

"மெஷினே கெட்டிருக்கலாமே..." என்று இழுத்தேன்.

"நீங்க எழுதுங்க சார்."

எழுதினேன். கேட்டதை எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒரு விநாடிக்கு ஒரு தடவை திரையின் அளவைப் பார்ப்பது, மாறியிருந்தால் ஸ்பீக்கரில் அலறுவது, பிறகு திரை முழுக்க ஒரு செய்தி. பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சில வரிகள்தான். ஆனால் எழுதும்போது வாயெல்லாம் கசந்தது. எலிப்பொறி செய்கிறவன்கூட அதில் விழப்போகிற எலி பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது செய்யமாட்டான்.

எஸ்தர் டீ குடித்துக்கொண்டுதான் இருந்தாள். மெதுவாகக் கேட்டேன்.

"யாருன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சார்."

"சொல்லிடுங்க. வேலை போயிரும்."

"சொல்ல மாட்டேன்னு ஒருத்தங்ககிட்டச் சொல்லிட்டேன் சார்." டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "அம்மாகிட்ட மட்டும் எப்படிச் சொல்லன்னு யோசிச்சிட்டிருக்கேன். மறுபடியும் செக்கிங்குக்குப் போனா காலு வீங்கும்."

நான் மிச்ச வரிகளை அடிக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை. நந்தகுமார் என்னைப் போக விடவில்லை. அவருடைய அறையில் உட்கார்ந்து இருவரும் டிபன் கேரியரைத் திறந்தோம். ஒரு மணிக்குத் தையல் மெஷின்கள் நின்றன. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கம்பெனி முழுக்க ஒரு நிசப்தம். தயிர் சோற்றைப் பிசைந்தபடி இருவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். படித்த இரண்டு பேர் செய்கிற காரியம் இது!

அலறியது.

நானே பயந்துவிட்டேன். அவ்வளவு சத்தம் வைத்திருக்க வேண்டியதில்லை.

"வாங்க சார்!" கழுவாத கையோடு நந்தகுமார் ஓடினார். பின்னால் நானும் ஓடினேன்.

கத்தரிப்பூ அறையில், எஸ்தரின் நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மூக்கு திரையில் முட்டுகிற தூரம். திரையில் என்னுடைய செய்தி, தடித் தடி எழுத்தில் - 'திரை அளவை மாற்றியது யார்? உடனே எம்.டி. நந்தகுமாரை அழைக்கவும்.' அவர் அதை ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நான் இதுவரை எழுதிய எச்சரிக்கைச் செய்திகளில் ஒரு மனிதர் முழுதாகப் படித்தது அது ஒன்றுதான்.

"அப்பா..." என்றார் நந்தகுமார்.

பெரியவர் திரும்பினார். கையில் ஒரு சாயத் துணித் துண்டு. "இது ஏன்டா இப்படிக் கத்துது?"

அதே நேரம் கழுவிய டிபன் பாக்ஸோடு எஸ்தர் வாசலில் வந்து நின்றாள். நந்தகுமார் அவளைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். தயிர் சோறு கையில் காய்ந்துகொண்டிருந்தது.

நான்தான் சொன்னேன். பொறியைச் செய்தவன் நான் என்பதால், அது யாருக்காக வைத்தது என்று சொல்வதும் என் கடமை என்று தோன்றியது. "ஸ்கிரீனை எஸ்தர்தான் மாத்தறாங்கன்னு சார் நினைச்சுட்டாருங்க. இன்னிக்கோட நிறுத்திடலாம்னு இருந்தாரு."

பெரியவருக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் எழுந்துகொண்டார்.

"அந்தப் புள்ளைய எதுக்குடா சொல்றே? நான்தான்டா மாத்தறேன். சின்னதா இருந்தா எனக்கு ஒண்ணுமே தெரியறதில்ல. கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரப் பையன் ஒரு நாள் காட்டிக் குடுத்தான், இதை இழுத்தா பெருசாகும்னு. நீ காயிதத்தையெல்லாம் தூக்கிப்போட்டுட்டே. பட்டறைக்காரன் போன் பண்ணி எந்த ஷேடு ஓகேங்கன்னு கேட்டா, நான் எங்க போயிப் பாக்கறது?"

"கண்ணுத் தெரியலைன்னா சொல்லக் கூடாதுங்களாப்பா?"

"சொன்னா? பெரியவருக்குக் கண்ணுப் போச்சுன்னு பட்டறைக்குப் பட்டறை பேசுவான். அப்பறம் எவன் நம்ம துணிக்கு ஒழுங்கா சாயம் போடுவான்? எந்தக் கலரையும் தலையில கட்டிப்போட்டுப் போயிருவான்."

நந்தகுமாருக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. எங்கள் தொழிலில் டேட்டா முழுதும் அழிந்துவிட்டது என்று சொன்னால் முதலாளிகள் முகம் அப்படி ஆகும்.

"அப்ப... இத்தன நாளா ஷேடு?"

பெரியவர் எஸ்தரைக் கை காட்டினார். "அம்மிணிதான். கார்டு புடிக்கக் கூட வான்னு சொல்லி வெயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன். மூணு மாசமா அப்படித்தான்."

"நான் ஒண்ணும் பெருசா சொல்லல சார்" என்றாள் எஸ்தர் அவசரமாக. "ரெண்டு துண்டும் ஒண்ணு போல இருக்கா இல்லையான்னு ஐயா கேப்பாவ. இருக்குன்னா இருக்குன்னு சொல்லுவேன். இல்லன்னா இல்லம்பேன்."

இதில் பெரிய ஞானம் ஒன்றும் இல்லைதான். கண் தெரிகிற யாரும் சொல்லலாம். ஆனால் மூன்று மாதமாகச் சாயப்பட்டறைக்காரர்கள் பெரியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பக்கத்தில் கார்டு பிடித்த பெண்ணை ஒருவரும் பார்க்கவில்லை.

"நான் மத்தியானம் கம்ப்யூட்டர் பாக்கறத நந்துகிட்டச் சொல்லிப்போடாத அம்மிணின்னு சொன்னேன்" என்றார் பெரியவர். "சரிங்கய்யான்னுச்சு. அவ்வளவுதான். வேலை போற அளவுக்கு வாயக் கட்டிக்கிட்டு இருக்கும்னு நான் கண்டனா?"

அவர் குரல் கொஞ்சம் உடைந்தது.

கற்பூரத்தில் கை வைக்க மாட்டேன் என்று சொன்ன பெண், ஒரு 'சரிங்கய்யா'வுக்காக நாற்காலியை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறாள். நந்தகுமார் கையைக் கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

அன்று சாயங்காலம் சம்பள வரிசையில் எஸ்தரும் நின்றாள். நான் கம்ப்யூட்டரில் அந்த அலறலை எடுத்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் மேசைப் பக்கம்.

நந்தகுமார் கவரை நீட்டினார். "திங்கக்கெழம..." என்று ஆரம்பித்தார். வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த வார்த்தைக்கு அப்புறம் என்ன வரும் என்று திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும்.

"...திங்கக்கெழம கொஞ்சம் நேரத்துலயே வந்துருங்க. அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஷேடு நீங்கதான் பாத்து வெக்கோணும்."

"சரி சார்" என்றாள் எஸ்தர். வழக்கம்போல அவ்வளவுதான்.

கோயமுத்தூரில் டாக்டர் பார்த்துவிட்டு, கண்புரை, நன்றாக முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றாராம். இதற்காகவா இவ்வளவு நாள் மூக்கைத் திரையில் தேய்த்துக்கொண்டிருந்தார் என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். நம்மில் யார் முதல் நாளே போய் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்கிறோம்? தெரிகிற மாதிரி எதையாவது இழுத்துப் பெரிதாக்கிக்கொள்ளத்தான் பார்க்கிறோம். பக்கத்தில் இருப்பவருக்கு அதனால் எந்தப் பட்டன் காணாமல் போகிறது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. என் வீட்டு மேசையில், என் கண்ணுக்குச் சரியாக இருந்த அளவை ஊருக்கெல்லாம் பூட்டு போட்டுக் கொடுத்தவன்தானே? பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எல்லா ஃபாரங்களையும் திருத்தினேன். இப்போது ஃபாரம் திறக்கும்போதே திரை எவ்வளவு பெரிது என்று பார்க்கும். அதற்குத் தக்கபடி விரியும், இல்லையென்றால் ஒடுங்கும். எழுத்தும் கூடவே வளரும். சேவ் பட்டன் எப்போதும் கீழ் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு வரும். தள்ளிப் பார்க்கிற பட்டையையும் வைத்துவிட்டேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்!

இந்த வேலைக்கு பில் போடவில்லை. போட்டிருந்தால் நந்தகுமார் கொடுத்திருப்பார். அந்த எலிப்பொறிக்கு ஏற்கெனவே வாங்கியிருந்தேன், அதுவே உறுத்திக்கொண்டிருந்தது.

போன வாரம் புது ஃபாரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போயிருந்தேன். நந்தகுமாரும் இருந்தார். எஸ்தர் நாற்காலியில். வாசலில் கார் வந்து நின்றது. பெரியவர் இறங்கினார். ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் நாள். கறுப்புக் கண்ணாடி, வெள்ளை வேட்டி சட்டை. சட்டையையே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். "இத்தன வெள்ளையா இருந்துச்சுங்களா இது?" என்று டிரைவரைக் கேட்டது எங்களுக்குக் கேட்டது. புரை என்பது கண்ணுக்குள் பழுப்புக் கண்ணாடி மாட்டிய மாதிரி என்று டாக்டர் விளக்கியிருந்தார். வெள்ளை மங்கலாகும், நீலமும் ஊதாவும் சாம்பல் மாதிரி தெரியும்.

அதைக் கேட்டபோதாவது எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பெரியவர் உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். கண்ணாடியைக் கழற்றினார். நாலு சுவரையும் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏன்டா நந்து... நான் சாம்பல் கலர்தானே அடிக்கச் சொன்னேன்? யாருடா இந்தக் கண்றாவியை அடிக்கச் சொன்னது?"

நந்தகுமாருக்குத் திடீரென்று செல்போனில் ஏதோ வேலை வந்தது. அக்கவுண்டன்ட் கீழே விழாத பேனாவைத் தேடிக் குனிந்தார். நான் ஒரு ஃபாரத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, அதை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன்.

பெரியவர் எஸ்தர் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு அம்மிணி, யாரு?"

"நீங்கதான் ஐயா."

இந்தத் தடவை யாரும் கற்பூரம் கேட்கவில்லை.